புகையில்லாத கரி

தெருவில் அவளை எல்லோரும் கரிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்கள் வாயில் கிண்டல் இல்லை, அவளுக்கும் கோபம் இல்லை. மூட்டை தூக்கின இடத்திலேயே புருஷன் சுருண்டு விழுந்து செத்துப்போன பிறகு, அவளையும் வாய்த்துடுக்கான நாத்தனாரையும் கரைசேர்த்தது அந்தக் கரிதான்.

இல்லாதப்பட்டவர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க உதவுகிற சின்னத் திட்டம் ஒன்று அந்தப் பக்கம் வந்திருந்தது. அதில் அவளுக்கு மூடி போட்ட ஓர் இரும்புப் பீப்பாயும், நீளமான கைப்பிடி வைத்த ஓர் அச்சும் கிடைத்தன. மரம் அறுக்கிற மில்லில் குப்பையாகக் கிடக்கும் தூளை அள்ளிவந்து பீப்பாயில் போட்டுக் கருக்க வேண்டும். மாவுப்பசை விட்டுப் பிசைந்து, அச்சில் அடைத்து, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் உள்ளங்கை அகலக் கட்டி விழும். நாலு நாள் வெயிலில் காய்ந்தால் போதும். மரம் வெட்ட வேண்டாம், கண் எரிய வேண்டாம்.

"தொங்கு அண்ணி, நல்லாத் தொங்கு. அப்படியாவது ரெண்டு விரக்கடை வளருவ" என்பாள் நாத்தனார்.

திட்டத்தில் பயிற்சி கொடுத்த பெண் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். வீட்டுக்குள் எரித்தால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புகை தெரியாவிட்டாலும் அதிலிருந்து ஆளைக் கொல்கிற காற்று வரும்.

முதல் வாரம் கரிக்காரி வாங்க வந்தவர்களிடம் அதை அப்படியே ஒப்பித்தாள். அந்தத் தெருவில் ஜன்னலைத் திறந்தால் சாக்கடை நாற்றம், கூடவே எலி. ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு விறகையே எரித்துவிட்டுப் போகலாமே என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு பை நகரவில்லை. அடுத்த வாரம் அந்தப் பேச்சை அவள் விழுங்கிவிட்டாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான். கரி நகர ஆரம்பித்தது.

முதல் பை வாங்கியவள் எதிர்வீட்டுத் தையற்காரி. விறகுப் புகையில் இருமி இருமி நெஞ்சு தேய்ந்தவள். "உங்க புண்ணியத்துலதான் அக்கா நான் மூச்சு விடறேன்" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வாள். கரிக்காரிக்கு உச்சி குளிர்ந்து போகும்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு வாரம், கூரை ஒழுகி, தையற்காரி தைத்து அடுக்கியிருந்த பள்ளிச் சீருடைகள் நனைந்துவிட்டன. மறுநாள் கொடுத்தாக வேண்டும். அடுப்பை அறை நடுவில் வைத்துக் கரியை மூட்டி, மேலே கயிறு கட்டித் துணிகளைப் போட்டிருக்கிறாள். சாரல் அடிக்காமல் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் கந்தலையும் அடைத்திருக்கிறாள். இதெல்லாம் பிறகு தெரிந்தது.

பள்ளி விட்டு வந்த தையற்காரியின் மகள் கதவைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். கரிக்காரி எட்டிப் பார்த்தாள். அச்சின் கைப்பிடியை உருவிக்கொண்டு ஓடி, கதவை நெம்பித் திறந்தாள்.

துணிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. தையற்காரி மெஷின்மேல் தலை சாய்த்திருந்தாள், கண்ணயர்ந்தவள் போல. அறையில் துளிப் புகை இல்லை.

ஆஸ்பத்திரியில் கெட்ட காற்று என்றார்கள். தெரு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சீக்காளிதானே, நெஞ்சு நின்றுபோயிருக்கும் என்றது.

"அப்படியே இருந்துட்டுப் போவட்டும் அண்ணி" என்றாள் நாத்தனார். "நீ வாயத் தெறக்காத. நாளைக்கு நம்ம வீட்ல அடுப்பு எரியணும்."

பயிற்சிக்காரப் பெண்ணும் வந்து, ஜன்னல் விஷயத்தை எல்லோரிடமும் சொன்னீர்கள்தானே என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். கரிக்காரி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

கைப்பிடி இல்லாமல் அச்சு சும்மா கிடந்தது. கதவை நெம்பியதில் வளைந்துபோன கைப்பிடியைச் சில நாள் கழித்துத் தையற்காரியின் புருஷன் கொண்டுவந்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன், அதிர்ந்து பேசமாட்டான். தட்டித் தட்டி நேராக்கியிருந்தான்.

"நீங்க கதவ உடைக்கலேன்னா நான் வர்ற வரைக்கும் புள்ள வாசல்லயே நின்னிருக்கும் அக்கா."

அந்த நன்றியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இந்தக் கரிய எரிக்கறப்ப ஜன்னல் தெறந்திருக்கணும் தம்பி. எனக்குத் தெரியும். அவகிட்ட நான் சொல்லல."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. ஏன் என்றான். சொன்னால் யாரும் வாங்கவில்லை என்றாள்.

"நீங்க சொல்லியிருந்தா அவ கேட்டிருப்பா அக்கா" என்றான். கைப்பிடியைச் சுவரில் சாத்திவிட்டுப் போனான்.

அன்றே கரிக்காரி வீடு வீடாக ஏறிச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் பைகள் திரும்பிவந்து வாசலில் விழுந்தன. நாத்தனார் அவற்றை உள்ளே இழுத்துப் போட்டாள். அதன் பிறகு அண்ணியிடம் அவள் பேசவில்லை.

மறுநாள் தெரு முழுக்க விறகுப் புகை. எதிர்வீட்டு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. உள்ளே அந்தப் பெண்குழந்தை இருமிக்கொண்டே சோறு பொங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல்தான் திறந்திருக்கிறதே என்று கரிக்காரி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனாள். தெருவைத் தாண்டக் கால் வரவில்லை.