மப்புக்குக் காத்திருந்தவன்

சுடலைமுத்து போய்விட்டான் என்று போன் வந்தபோது பாடி மேம்பாலத்தில் பஸ்ஸுக்குள் நின்றிருந்தேன். மாரடைப்பாம். ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தேன். சுள்ளென்று வெயில். இந்த வெயிலை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காதே என்றுதான் முதலில் தோன்றியது. அழுகை அப்புறம்தான் வந்தது.

அவனோடு அம்பத்தூர் ஆபீஸில் வேலை பார்த்த உங்களில் சிலருக்கு அந்த முதல் மாதக் கூத்து மறந்திருக்காது. காலையில் மேனேஜருக்குப் போன் செய்து, "சார், இன்னைக்கு நல்ல மப்பு. ஆபீஸுக்கு வரல" என்றான். அவர் இந்த ஊர்க்காரர். "காலங்காத்தாலயேவா நைனா?" என்றார். "விடியும்போதே மப்புதான் சார். தெளியறதுக்குள்ள வேலய முடிச்சிரணும்" என்றான் இவன். திருநெல்வேலியில் மப்பு என்றால் போதையில்லை, மேகமூட்டம் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்து அவருக்கு விளக்கி, அவன் வேலையைக் காப்பாற்றியது நான்தான்.

பாறை, சுவர், மரத்தூர் எதுவானாலும் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்து, கணினியில் அதே உருவத்தை எழுப்பி, பாசியும் விரிசலும் அப்படியே மேலே படியச் செய்து, வீடியோ கேம்களின் கற்பனை நிலக்காட்சிகளில் நிறுத்துவது எங்கள் வேலை. வெயிலில் எடுத்தால் நிழலும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு அந்த நிலத்தில் சூரியனை எங்கே வைத்தாலும் பழைய நிழல் நகராது. அதனால்தான் அவனுக்கு மப்பு வேண்டும்.

கடைசியாக அவன் எடுத்துக்கொண்டிருந்தது ஆவடி சேக்காட்டில் ஒரு பழைய மோட்டார் ரூம். அந்த இடத்துக்காரர் ஏகாம்பரம், இவனை நில புரோக்கர் என்றே நினைத்துவிட்டார். "இன்னா நைனா, செவுத்த இப்டி மொறச்சிகினு கீற? வெலைக்குக் கேக்கப் போறியா?" என்றாராம். "இல்ல அண்ணாச்சி, சும்மா பாக்கேன்" என்றிருக்கிறான். சும்மா பார்க்க ஒருவன் ஆவடிக்கு வருவானா என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். அதன்பின் இருவருக்கும் டீக்கடை சிநேகம்.

மூன்று பக்கம் முடிந்ததுமே வெயில் வந்துவிட்டது. "அடுத்த மப்புக்குப் பாத்துக்கிடலாம்க்கா" என்றான் என்னிடம். அந்த மப்பு வருவதற்குள் அவன் போய்விட்டான். திரையில் அந்த மோட்டார் ரூம் முதுகில்லாமல் நின்றது. காட்சியை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியதால், மற்ற பக்கங்களை வைத்துக் கணினியே ஓட்டையை மூடட்டும் என்றார் மேனேஜர். எனக்கு மனசு ஒப்பவில்லை. "பாக்காத பக்கத்த நாமளா இட்டுக்கட்டக் கூடாதுக்கா" என்று எத்தனை முறை சொல்லியிருப்பான்! அவன் ஆரம்பித்ததில் பொய் கலக்கக் கூடாது. தவிர, பின்னால் என்னதான் இருக்கிறது என்று எனக்கும் குறுகுறுப்பு. ஒரு மப்பு வரும்வரை பொறுக்கச் சொன்னேன்.

வந்தது. "சார், இன்னிக்கு மப்பு" என்று போன் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. "தெளியறதுக்குள்ள முடிச்சிட்டு வாம்மா" என்றார்.

மோட்டார் ரூமைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். சுவரில் சுடலைமுத்து இருந்தான். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஒரு மூலை உரிந்து காற்றில் ஆடியது.

"ரோட்டுப் பக்கம் ஒட்னா மாடு துன்னுடுது. அதான் பின்னாடி ஒட்னேன்" என்றார் ஏகாம்பரம். "போட்டோக்கு எடைஞ்சலா கீதா? கிழிச்சிடட்டா?"

"வேணாம் அண்ணாத்தே. இன்னா கீதோ அத்தத்தான் எடுக்கணும்."

மேனேஜரும் அதை அழிக்கச் சொல்லவில்லை. அந்த நிலக்காட்சியில் யாராவது மோட்டார் ரூமைச் சுற்றி வந்தால் அவனைப் பார்ப்பார்கள். முகத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லை.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சொல். பாடியில் பிறந்து வளர்ந்தவள் நான். இப்போதெல்லாம் யாராவது மப்பு என்றால், ஆளைப் பார்ப்பதில்லை. வானத்தைப் பார்க்கிறேன்.