தகட்டைக் கழற்றச் சொன்னவன்

என் தங்கை வீட்டுக்காரர்மீது யாருக்கும் கோபம் வராது. எனக்கு மட்டும் வரும். மனுஷன் அவ்வளவு நல்லவர். கடைக்காரன் சில்லறையைக் குறைத்துக் கொடுத்தால்கூட, "பாவம், அவசரத்துல இருந்திருப்பான்" என்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

அவருக்கு வீட்டிலிருந்தே வேலை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்த பிறகு பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு டைப் அடித்துத் தர வேண்டும். பதினெட்டு வருஷமாக அதே ஜன்னல் ஓரம், அதே நாற்காலி. சின்னப் பிழைக்குப் பிடித்தம். பெரிய பிழை என்றால் சீட்டுக் கிழிந்துவிடும்.

நடுக்கத்தை மூன்று வருஷம் வெளியே தெரியாமல் காப்பாற்றியது ஒரு பழைய கீபோர்டு. ஏதோ ஒரு ஆபீஸை மூடியபோது எடைக்குப் போட்ட சாமான்களில் பொறுக்கி வந்தது. மூன்று கிலோ இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங்; எல்லாவற்றுக்கும் அடியில் லேசாக வளைந்த ஒரு இரும்புத் தகடு. ஓங்கி அழுத்தினால்தான் எழுத்து விழும். விரல் ஆடி உரசினால் அது கண்டுகொள்ளாது. சத்தம் மட்டும் கொஞ்ச நஞ்சமில்லை. கீழ்வீட்டுக்காரர், "மேல தினமும் ஆணி அடிக்கிறீங்களா சார்?" என்று கேட்பார்.

ஒரு நாள் அது செத்துப்போனது. உள்ளே கருகிவிட்டது, இதற்கெல்லாம் இப்போது சாமான் கிடைக்காது என்று ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். மாப்பிள்ளை புதுசாக நாலைந்து வாங்கிப் பார்த்தார். எல்லாம் தொட்டாலே எழுத்து விழுகிற ரகம். ஒரு தடவை அடித்தால் மூன்று விழுந்தது. அதைத் தடுக்கக் கம்ப்யூட்டரிலேயே ஒரு வசதி உண்டாம். போட்டுப் பார்த்தால் வேண்டிய இரட்டை எழுத்தையும் சேர்த்து விழுங்கியது. கடைசியில் ஒரு நாள், டாக்டர் பத்து மில்லி என்று சொன்ன மருந்து நூறு மில்லியாகப் போய்விட்டது. ஒரு பூஜ்யம்தான் கூட. சரிபார்க்கிறவர்கள் கண்ணில் பட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த மாதக் கடைசிவரை பார்ப்போம், அதன் பிறகும் இப்படி என்றால் வேலை அனுப்ப மாட்டோம்.

அதே ரகக் கீபோர்டு வெளிநாட்டில் ஒருவரிடம் விற்பனைக்கு இருப்பதை மாப்பிள்ளை நெட்டில் கண்டுபிடித்தார். விலை நியாயம்தான். ஆனால் அனுப்புகிற கூலி விலையைப்போல் இரண்டரை மடங்கு.

"கீபோர்டு மட்டுந்தான் வருதா, துணைக்கு யாராவது டிக்கெட் எடுத்துக்கிட்டு வராங்களா?" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு, சேமிப்பிலிருந்து எடுத்துத் தருகிறேன், வாங்கிவிடுங்கள் என்றும் அவளே சொன்னாள்.

விடாதவன் நான்தான். இருபது வருஷமாகக் கூரியர் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனாயிற்றே! என் வீட்டு மாப்பிள்ளை ஏமாளி மாதிரி கூலி கட்டுவதா?

"இந்த எடையில பாதி அந்தத் தகடுதான் மாப்பிள்ளை. கழட்டிட்டு அனுப்பச் சொல்லுங்க. இங்க லேத் பட்டறையில ஒண்ணு வெட்டிப் போட்டுக்கலாம்."

விற்பவர் ஒன்றுக்கு இரண்டு முறை எழுதிக் கேட்டார். தகட்டைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக் குமிழ்கள், வெட்டித்தான் கழற்ற முடியும், வெட்டினால் பழையபடி ஒட்டாது, பரவாயில்லையா என்று.

மாப்பிள்ளை தயங்கினார். "சரியா வருமா மச்சான்?"

"நான் சொல்றேன்ல."

வலது கையைத் தொடைக்கு அடியில் அமுக்கி வைத்துக்கொண்டு, இடது கையாலேயே 'சரி' என்று எழுதி அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்துப் பார்சல் என் கவுண்டருக்கே வந்தது. கூடவே ஒரு சீட்டு: கூலி குறைவாகக் கட்டப்பட்டிருக்கிறது, மீதியைப் பெறுபவர் கட்ட வேண்டும். டேப்பை எடுத்துப் பெட்டியை அளந்தேன். விற்பவர் உடையக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில், சுற்றிலும் பஞ்சு அடைத்து ஒரு டிவி பெட்டி அளவுக்குக் கட்டியிருந்தார். பெரிய பெட்டி என்றால் எடைக்குக் காசு இல்லை, அளவுக்குத்தான் காசு. தகடு இருந்தாலும் அதே கூலி, இல்லாவிட்டாலும் அதே கூலி. தலையணை அனுப்ப வருகிறவர்களிடம் தினமும் பத்து முறை இதைத்தான் சொல்கிறேன். "எடையப் பாக்காதீங்கம்மா, பெட்டியப் பாருங்க." வாய் வலிக்கச் சொல்வேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க! மீதியை என் பையிலிருந்து கட்டிவிட்டு, யாரிடமும் மூச்சு விடவில்லை.

லேத்காரர் தகடு வெட்டினார். தட்டித் தட்டி வளைத்தார். அந்த வளைவு வரவே இல்லை. மாட்டினால் நடு வரிசை செத்துக் கிடந்தது; நடு வரிசைக்கு உயிர் வந்தால் ஓரம் போனது. மூன்றாவது முறை கழற்றியபோது ஸ்பிரிங் எல்லாம் தெறித்துக் கூடம் முழுக்க ஓடின. நானும் தங்கையும் தரையில் தவழ்ந்து பொறுக்கினோம். மாப்பிள்ளை ஒன்றை எடுத்து அதன் துளையில் வைக்கப் பார்த்தார். மயிரிழை மாதிரி ஸ்பிரிங், அந்தக் கை. நாலு தடவை பார்த்தார். அப்புறம் மேஜைமேல் வைத்துவிட்டு, "வெளிச்சம் பத்தல" என்றார். நடுப்பகல் அது. தங்கை எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மாதக் கடைசி வந்தது. அன்று மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார். "ஒரு கடிதம் அடிக்கணும் மச்சான். நான் அடிச்சா ஒரே பிழையா வரும். கடைசியா அனுப்பறது, சுத்தமா இருக்கட்டும்."

கடையில் வாங்கிய புதுக் கீபோர்டின் முன்னால், அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு ஒற்றை விரல் டைப்பிங்தான். அவர் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஒரு கமா விட்டுப்போனால்கூட நிறுத்திப் போடச் சொன்னார். பதினெட்டு வருஷம் வேலை கொடுத்ததற்கு நன்றி என்று வந்தது. இன்றோடு விலகிக்கொள்கிறேன் என்று வந்தது.

"காரணம் என்ன போடட்டும் மாப்பிள்ளை?" என்றேன். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. "மச்சான் பேச்சைக் கேட்டுக் கெட்டேன்னு போடட்டுமா?"

சிரிக்கட்டும், இல்லை ஒரு வார்த்தை திட்டட்டும் என்றுதான் அப்படிக் கேட்டேன். அடுப்படியில் தங்கையின் பாத்திரச் சத்தம் நின்றுபோனது.

"அதெல்லாம் வேணாம்" என்றார். "கை நடுங்குது, இனிமே டைப் அடிக்க முடியாதுன்னு போடுங்க. எத்தனை நாளைக்குத்தான் கீபோர்டு மேலயே பழி போடறது?"

வீட்டில் யாரிடமும் அதுவரை அவர் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை அது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தேன். முடிந்ததும் தோளுக்கு மேலே குனிந்து படித்துப் பார்த்தார்.

"ஒரு பிழையும் இல்ல மச்சான். அனுப்பிடுங்க" என்றார்.