ஒரு பெயருக்கு இரண்டு விலாசம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழை கண்டு சிரிப்பார்களே என்ற வெட்கம் பாதி. செத்துப்போன அப்பாவின் மேல் குறை சொன்னதாகிவிடுமே என்ற பயம் பாதி. போன மழைக்காலத்தில் நடந்ததற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை. எட்டுக்கை அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிற நம் சனங்களும், என்னைப் போலக் கப்பலேறி வந்து எங்கெங்கோ ஒதுங்கியவர்களும் படித்தால் போதும்.

கொல்லிமலைக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் எந்த ஃபாரத்தைக் கொடுத்தாலும் என் கை இரண்டு விலாசம் எழுதும்: இங்கே ஆலத்தூர் நாடு என்கிற எங்கள் ஊர் ஒன்று, விட்டு வந்த தோட்டம் ஒன்று. செம்மேட்டில் கேஸ் இணைப்புக்கு அப்படி எழுதிக் கொடுத்தபோது, அங்கே இருந்த பிள்ளை தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கம்மா, சிலிண்டர ஆலத்தூர் நாட்டுக்குக் கொண்டாறதுங்களா, கடலத் தாண்டிக் கொண்டுபோறதுங்களா?"

"ரெண்டும் இருக்கட்டும் தம்பி."

"இருந்துட்டுப் போவுதுங்க. நம்ம டெம்போ அந்தளவுக்குப் போவாதுங்க, அதான் சொன்னேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஒரு விலாசம் விட்டுப்போனால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

எங்கள் குடும்பம் இந்தியாவுக்கே போய்விடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தபோது ரெங்கம்மா அக்காவுக்குப் பதினாலு வயது, எனக்கு ஒன்பது. அக்கா கொழுந்தெடுக்க மாமி வீட்டில், வேறு தோட்டத்தில் இருந்தாள். அப்பா நாங்கள் இருந்த லயத்து வரிசை வீட்டின் விலாசத்தை எழுதி, அந்த ஒற்றை அறைக் காம்பராவில் இருந்த ஐந்து பேரின் பெயரை மட்டும் போட்டார். "அவ விலாசம் வேற. அப்பறமா சேத்துக்குவோம்" என்றார். அந்த அப்பறம் வரவேயில்லை. தலைமன்னாரில் எங்களை வழியனுப்ப வந்தவள், எங்களுக்கென்று தூக்கி வந்த தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்க மறந்து, கையிலேயே வைத்துக்கொண்டு கரையில் நின்றாள்.

அங்கே தேயிலை இடுப்புயரம். நாளெல்லாம் குனிந்து நிற்க வேண்டும். இங்கே மிளகுக்கொடி மரத்தின் மேல் ஏறிப் படரும். அண்ணாந்தே கழுத்து வலிக்கும். இரண்டு மலையிலும் பனி ஒன்றுதான். காலையில் கதவைத் திறந்தால், எந்த மலை என்று நிதானிக்க எனக்கு இன்னமும் ஒரு நிமிஷம் பிடிக்கிறது.

அறப்பளீஸ்வரரைக் கும்பிட வருகிறவர்கள் தங்குவதற்கு நானும் வீட்டுக்காரரும் இரண்டு அறை விட்டிருக்கிறோம். அதற்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அக்கா பெயரைத்தான் வைத்தேன். போன வருஷம் அந்தப் பக்கத்தை வேறு கம்பெனியின் இடத்துக்கு மாற்ற வேண்டியிருந்தது. நாமக்கல்லில் வேலை பார்க்கும் என் மருமகள் கவிதா போனில் சொன்னாள்: "அத்தை, நான் ஆபீஸ்ல இருக்கேனுங்க. ஏஐ ஏஜெண்ட்டுகிட்ட நீங்களே தமிழ்ல சொல்லுங்க. அதுவே ரெக்கார்டு போட்டுருமுங்க."

அவள் விளங்கவைத்தது இவ்வளவுதான். நாம் ஒரு பெயரைத் தட்டுகிறோம். அந்தப் பெயர் எங்கே குடியிருக்கிறது என்று ஓர் எண்ணை எங்கோ பதிந்து வைத்திருப்பார்கள். அந்த எண்தான் விலாசம். நாம் சொன்னால் அந்த ஏஜெண்ட் நமக்குப் பதிலாகப் போய்ப் பதிந்துவிட்டு வரும்.

அது மரியாதையாகத்தான் கேட்டது: "இந்தப் பெயருக்குப் புதிய எண்ணைப் பதியவா? பழைய எண்ணை என்ன செய்யட்டும்?"

என் கை வழக்கத்தையே செய்தது. "இரண்டும் இருக்கட்டும். எதையும் விட்டுவிடாதீர்கள்."

"இரண்டும் இருந்தால், வருகிறவர்களில் சிலர் பழைய இடத்துக்கும் சிலர் புதிய இடத்துக்கும் போவார்கள். உறுதியாகச் செய்யலாமா?"

செய்யுங்க சாமி என்றேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. அப்பா மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது நினைவுக்கு வந்தது. யாரையும் விடாமல் எழுதிவிட்டோம் என்று விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

பிறகுதான் அந்த அடைமழை. பதுளைப் பக்கம் மண் சரிந்தது என்று டிவியில் காட்டினார்கள். அங்கேயே தங்கிவிட்ட அக்காவின் போன் அடிக்கவேயில்லை. யாரிடமிருந்தாவது ஒரு வரி வராதா என்று எங்கள் இணையப் பக்கத்தில் எழுதுகிறவர்களின் கடிதம் வந்து விழும் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ஒன்பது நாள்.

"ஏம்புள்ள, அங்க டவர் சாஞ்சிருக்கும். மொதல்ல சோத்தத் தின்னு" என்று வீட்டுக்காரர் தட்டை நகர்த்துவார். சோற்றைப் பார்த்தால் மண்தான் தெரிந்தது.

ஒன்பதாம் நாள் கவிதா வந்து பார்த்தாள். "இதென்னங்க அத்தை, ஒரே பேரு ரெண்டு எடத்துக்குப் போவுது? பழைய எடத்துப் பெட்டியத்தான் யாரும் தொறக்கறதே இல்லீங்களே!" என்றாள்.

பழைய பெட்டியைத் திறந்தாள். அக்காவின் பேத்தி தர்ஷினியின் மூன்று கடிதங்கள் இருந்தன.

முதலாவது: வீடு போய்விட்டது, போன் மண்ணுக்குள், பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறோம். "உங்க நம்பர் ஞாபகமில்ல சின்னம்மாயி. அம்மாயி பேரத்தான் தட்டிப் பாத்தேன், வந்திச்சு." இரண்டாவது: அம்மாயிக்கு மூச்சு வாங்குது, ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூன்றாவது ஒரே வரி: "இந்தத் தடவயும் என்னைய விட்டுட்டாங்களான்னு அம்மாயி கேக்குது."

அதைப் படித்தபின் நான் அப்பாவைக் குறை சொல்வதை விட்டுவிட்டேன். அவர் ஒரு விலாசத்தால் விட்டார். நான் இரண்டால் விட்டேன்.

கவிதா எங்கள் நம்பரைப் போட்டுப் பதில் எழுத, அன்று சாயங்காலமே தர்ஷினி யாருடைய போனிலிருந்தோ பேசினாள். அக்காவின் காதில் வைத்தாள். இருமல்தான் கேட்டது. பிறகு, "இருக்கியா?" என்றாள். "இருக்கேன் அக்கா" என்றேன். அதற்குமேல் அவளுக்கு மூச்சு இல்லை. இன்னமும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறாள். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம்.

பழைய எண்ணை எடுத்துவிடச் சொன்னாள் கவிதா. "நீக்கலாமா?" என்று ஏஜெண்ட் கேட்டது. நீக்கினால்தான் அவர்கள் எழுதுவது தவறாமல் என்னிடம் வரும் என்று அறிவுக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. "வெறும் நம்பருங்க அத்தை" என்றாள். அந்த வெறும் நம்பரை ஒரு தாளில் எழுதச் சொல்லி, அம்மன் படத்துக்குக் கீழே வைத்தபின்தான் "நீக்குங்க" என்றேன்.

படித்தவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த வேண்டாம், இருப்பது இருக்கிறபடியே போகட்டும். முக்கியமாக, கீழே இருக்கிற இரண்டு விலாசத்தில் ஒன்று போதுமே என்று யாரும் மற்றதை வெட்டிவிடாதீர்கள்.

ஆலத்தூர் நாடு, கொல்லிமலை.

மேல் லயம், நாலாம் காம்பரா, பதுளைப் பக்கம்.