காந்த பெடலுக்கும் நாற்காலிக்கும் நடுவில்

என் சைக்கிளில் காந்த பெடல் போட்டதற்குக் காரணம் லஸ் முனை சிக்னல். அதற்கு முன்னால் இருந்தது கிளிப் பெடல். ஷூவைப் பூட்டுப் போட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும். சிவப்பு விழுந்தது, பிரேக் பிடித்தேன், கால் வரவில்லை. ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை நட்டநடு ரோட்டில் சைக்கிளோடு சாய்ந்தால் சும்மா விடுவார்களா? "இன்னா ஆன்ட்டி, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றார் ஒரு ஆட்டோக்காரர். முழங்கையில் மூன்று தையல். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த என் கணவர்தான் தையல் போடும்போது என்னைவிட அதிகமாகக் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் நன்மங்கலம் பக்கம் கல்குவாரி மண்பாதைகளில் ஓட்டுகிறவள் நான். அந்த மேடு பள்ளத்தில் சாதாரண பெடல் என்றால் கால் துள்ளி நழுவிவிடும். ஆழ்வார்பேட்டையில் எனக்கு வாடிக்கையான மெக்கானிக்தான் காந்த பெடலை வரவழைத்துத் தந்தார். பெடலுக்குள் காந்தம், ஷூவுக்கு அடியில் ஒரு இரும்புத் தகடு. காலை வைத்தால் டக்கென்று ஒட்டும், பக்கவாட்டில் இழுத்தால் விட்டுவிடும். அதற்கப்புறம் நான் ஒருமுறைகூட விழவில்லை.

சைக்கிள் எங்கள் ஹாலில்தான் நிற்கும். மந்தைவெளியில் எங்கள் அபார்ட்மென்ட் மாடிப்படிக்குக் கீழே விட்டால் மறுநாள் இருக்காது. அதற்குப் பக்கத்தில் என் கணவருடைய நாற்காலி. பேப்பர் படிப்பது, தூங்கி வழிவது, என்னை வம்புக்கு இழுப்பது எல்லாம் அதில் உட்கார்ந்துதான்.

அவருக்கு இடது மார்பில், இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதத்தில் செய்யக்கூடாதவை வரிசையாக இருந்தன. செல்போனைச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது என்பதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். வைத்தால் கத்துவேன். காந்தம் என்றும் அதில் எழுதியிருந்தது. ஸ்கேன் சென்டரில் இருக்கும் ராட்சச மெஷினைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அந்தக் காகிதத்தையே ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்த பொம்மையால் ஒட்டிவைத்த புத்திசாலி நான்.

ஆயுத பூஜை வந்தது. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது வருடம் பில் போட்டவர் அவர். கத்தரிக்கோல், துணி அளக்கும் மீட்டர் கம்பி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்த பழக்கம் ரிட்டயர் ஆனபிறகும் போகவில்லை. மிக்சி, அரிவாள்மனை எல்லாம் முடித்துவிட்டு என் சைக்கிளுக்கு வந்தார். அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். காந்தத்தில் ரோட்டு இரும்புத்தூளெல்லாம் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. பழைய டூத்பிரஷால் எவ்வளவு தேய்த்தும் வரவில்லை. பெடலை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு தேய்த்தார்.

"ஏம்மா, தலை கிர்ருங்குது" என்றார்.

"பூஜை முடியிற வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாம இருந்தா, சுத்தாம என்ன பண்ணும்?" என்று காபியை நீட்டினேன். எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. இன்னும் சந்தனம் வைக்கவில்லையே என்று அவரை மறுபடி அதனிடம் விரட்டியதும் நான்தான்.

மூன்றாவது வாரம், புதன்கிழமை காலை, நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் தூக்கிக்கொண்டு ஓடியும் பயன் இல்லை.

மயானத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்றார்கள். போனேன். அங்கே இருந்த ஊழியர் கேட்டார்: "நெஞ்சுல பேட்டரி எதுனா வச்சிக்கீறாங்களாம்மா? இருந்தா உள்ள வெடிச்சுடும்." ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிட்டார்கள் என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான், அவர் பெடலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்முன்னால் வந்தது. ஐயோ, நான்தானா? அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இதய டாக்டரிடம் போய்க் கேட்டேன். நெஞ்சை ஒட்டினாற்போல் இருந்தால்தான் காந்தம் கருவியைத் தொந்தரவு பண்ணும், விலகிவிட்டால் அது பழையபடி ஆகிவிடும், இது அதனால் இல்லை என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். நம்பவில்லை. தையல் டேப்பை எடுத்து, நாற்காலியில் அவர் நெஞ்சு இருக்கும் இடத்திலிருந்து பெடல் வரைக்கும் அளந்தேன். மூன்றேகால் அடி. மத்தியானம் சாப்பிட்டதும் மறுபடி அளந்தேன். மறுநாளும் அளந்தேன். ஆறு மாதம் இதே வேலை. சைக்கிளைத் தொடவே இல்லை, ஆனால் காய் நறுக்கும்போது ஹாலில் டக்கென்று தகடு ஒட்டும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்ப்பேன். ஷூ வாசலில்தான் கிடக்கும். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தே போனேன்.

கடைசியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். இந்த பெடலைக் கழற்றிக் குப்பையில் போடு என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். ஏன் என்றார். சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"அண்ணன் உங்களாண்ட சொல்லவே இல்லியாக்கா? ஆயுத பூஜைக்கு மறுநா இங்க வந்தாரு. தலை சுத்துச்சாம், டாக்டராண்ட போன் போட்டுக் கேட்டுக்கினாராம். இந்தக் காந்தம் எம்மா தூரம் இழுக்கும்னு என்னாண்ட கேட்டாரு. ஆணிய வச்சி இழுத்துப் பாத்துக்கினே இருந்தாரு. வேற பெடல் போட்டுத் தரேண்ணேன்னேன். வேணாம்ட்டாரு."

"ஏனாம்?"

"இத எடுத்துட்டா மறுபடி அந்தக் கிளிப்பு பெடலைத்தான் போடுவா, ரோட்ல வுழுவா, நான் தள்ளி உக்காந்துக்கிறேன்னாரு. அவளுக்குத் தெரிஞ்சா சைக்கிளையே வித்துடுவா, சொல்லிடாதன்னாரு."

நியாயமாக எனக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம். கடைவாசலில் நின்று அவரை வாய்விட்டே கேட்டேன் போலிருக்கிறது, மெக்கானிக் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஏன்யா, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்? கத்தியிருப்பேன், ஆமாம். அன்றைக்கே சைக்கிளை விற்றிருப்பேன், ஆமாம். அதற்காக, உன் வீட்டு ஹாலில் நீ மூன்றேகால் அடி ஒதுங்கி உட்காருவாயா?