நாலு மூலையிலும் மஞ்சள்

தென்காசியில் என் வீட்டு முன்னறையிலேயே கையால் வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். ரப்பரில் பூவைச் செதுக்கி அச்சுக் குத்துவேன். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு மழுங்கிய குச்சியால் அழுத்தினால், இதழ்கள் மறுபுறம் புடைத்து எழும்.

போன குற்றால சீசனில் முதல்முறையாக ஒரு கல்யாணப் பத்திரிகை ஆர்டர் வந்தது. எல்லாவற்றிலும் பிச்சிப்பூ கேட்டிருந்தார்கள். வாங்க வந்த மணப்பெண்ணின் அம்மா பூவைத் தடவித் தடவிப் பார்த்து, "தொட்டா உதிர்ந்திரும் போல இருக்கே!" என்று பூரித்தார். நான் மஞ்சளைக் குழைத்து, பத்திரிகை மூலைகளில் வைக்கத் தொடங்கினேன். அப்போதுதான் சுவரில் மாலையோடு இருந்த என் கணவரின் படம் அவர் கண்ணில் பட்டது.

"மஞ்சள நீ வைக்காண்டாம்மா. சுமங்கலி யாராவது வைக்கட்டும். தப்பா நெனைக்காத."

எனக்குச் சுர்ரென்றது.

"ஏங்க்கா, இந்தப் பூவையெல்லாம் எந்த வெரலு எழுப்பிச்சுன்னு நெனைக்கிய? பூ வேணும், வெரலு வேண்டாமா? கொண்டு போனா மொத்தமா கொண்டு போங்க. இல்லன்னா மொத்தத்தையும் இங்கனயே வச்சிட்டுப் போங்க."

நான் கையை நிறுத்தவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்க, கடைசிப் பத்திரிகை வரை நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துப் பெட்டியை நீட்டினேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தயங்கியவர், பிறகு பெட்டியை வாங்கி, மஞ்சள் கரைந்துவிடாமல் முந்தானையால் மூடிக்கொண்டு படியிறங்கினார்.

மனம் மாறித்தான் வாங்கினாரா, வேறு வழியில்லாமல் வாங்கினாரா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

இப்போது கல்யாண ஆர்டர் என்றால் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஆள் வந்து உட்காரட்டும். அவர்கள் கண்ணெதிரேதான் வைப்பேன்.