மட்டைக்குப் பிடித்த கூலி

இரண்டாயிரத்து மூணு வாக்குல சாத்தூர் பக்கம் எங்க கரிசக்காட்டு ஊர்ல ஆரம்பிச்சது இது. மழை இல்லை. காட்டு வேலை அத்துப்போச்சு. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிட்டாங்க. நான் ஏறல. என் தங்கச்சி அங்கதான் கருகிச் செத்தா. காட்டு வேலை செஞ்சே பிழைச்சுக்கிடணும்னு இருந்தேன்.

கேரளாவுல தென்னந்தோப்பு வேலைக்குப் போயிருந்த கொழுந்தன் பொங்கலுக்கு வந்தான்.

"மதினி, அங்கன ஒரு நாள் கூலி இங்கன மூணு நாள் கூலி. இந்தக் கரிசலக் கட்டிக்கிட்டு என்னத்தக் கண்டீக?"

வீட்டுக்காரர் சிரிச்சார். "ஒம் மதினி, இருக்கன்குடி ஆத்தாளே கூப்பிட்டாலும் அங்க அரிசி என்ன விலைன்னு கேட்டுட்டுத்தான் கெளம்புவா."

அன்னைக்கு நான் அரிசி விலையைக் கேக்கல. ஆடுகளை வித்துட்டுக் கிளம்பிட்டோம்.

கூலி அவன் சொன்னபடிதான். ஆனா வாடகை, அரிசி, பஸ்சு எல்லாமே அதுக்கு மேல. சனிக்கிழமை வாங்குனது புதன்கிழமை இருக்காது. விறகையாவது மிச்சம் பிடிப்போம்னு தோப்புல விழுந்து கிடந்த மட்டையை எடுத்துட்டு வந்து எரிச்சேன். எங்க ஊர்ல பருத்தி எடுத்து முடிஞ்சதும் காஞ்ச செடியை, பருத்தி மாரை, அடுப்புக்குப் பிடுங்கிட்டுப் போவோம். பிடுங்குனதுக்குக் கூலி கிடையாது, மாருக்கு விலை கிடையாது. யாரும் யார்ட்டயும் கேக்குறதில்ல.

கூலி போடுறப்ப எல்லார் முன்னாடியும் தோப்புக்கார அம்மா கூப்பிட்டாங்க. சத்தம் போடல.

"மட்டையெல்லாம் நாங்க விக்கிறது. சொல்லாம எடுத்தா அதுக்குப் பேர் வேற."

மட்டைக் காசைப் பிடிச்சுக்கிட்டு மீதியைக் கையில குடுத்தாங்க. வீட்டுக்காரர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். திரும்பி நடக்கையில கேட்டார்.

"ஏத்தா, போயிருவமா?"

"எங்க?"ன்னேன்.

ஊருக்கு வந்தோம். நாங்க பருத்தி எடுத்த காட்டை முதலாளி வித்திருந்தார். அதுல பட்டாசுக் கம்பெனிக்கு ரூம் கட்டிக்கிட்டு இருந்தாங்க. கட்டி முடிச்சதும் நானும் அங்க வேலைக்குப் போனேன். இன்னைக்கும் அதே வேலைதான். கதவுப் பக்கமா உக்காந்துக்கிடுவேன்.

அடுப்புல வைக்கிற குச்சி வரைக்கும் காசுன்னா, எம்புட்டுக் கூலி குடுத்தாலும் அந்த ஊர்ல நாங்க நிமிர முடியாதுன்னு கேரளாவுல தெரிஞ்சது; நிமிர முடியுற ஊர் எதுன்னுதான் இன்னும் தெரியல.