மாமா நின்ற கட்டடம்

என் மாமாவை நான் நேரில் கண்டது ஒரேயொரு தடவை. அதுவும் அமெரிக்காவில், பஃபலோ நகரத்தில், ஒரு பழைய கட்டடத்தின் உச்சியில். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ரொறொன்ரோவில், வோபர்ன் பகுதியில், பதினான்காம் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்து லிஃப்டில், ராசியில்லாத எண் என்று, பதின்மூன்று என்ற பொத்தானே கிடையாது. ஆகவே நாங்கள் உண்மையில் இருப்பது பதின்மூன்றாம் மாடி என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் விளக்குவேன். வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அம்மாவும் அப்பாவும் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்தே பள்ளிக்கூடத்தைத் தொலைத்தவர்கள். லிஃப்டில் ஒட்டும் அறிவித்தல்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. இப்போது இல்லையென்றும் சொல்லமாட்டேன்.

ஊரில் யுத்தம் முடிந்த அந்த வைகாசி முழுவதும் அம்மா தொலைக்காட்சிக்கு முன்னாலேயே இருந்தார். அதற்குச் சற்றுப் பின்னர், பல நாடுகளைச் சுற்றிக்கொண்டு அம்மாவின் தம்பி பஃபலோவுக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பாலம், தாண்டினால் கனடா. கனடா எல்லையில் விசாரணைக்கு நாள் கிடைக்கும்வரை ஓர் அகதிகள் விடுதியில் தங்கினார். என் அறையில் அவருக்கென்று ஒரு மடிக்கிற கட்டில் வந்து நின்றது.

ரெலிபோனில் மாமாவும் நானும் கட்டடங்களைப் பற்றியே சண்டை பிடித்தோம். எங்கள் நகர மத்தியில் பொன்னிறக் கண்ணாடிக் கோபுரம் இருக்கிறது என்பேன் நான்.

“உங்கட கட்டடத்துக்கு மேலை சிலை நிக்குதோ?” என்பார் அவர். “இஞ்சை ஒண்டுக்கு மேலை ரெண்டு சிலை நிக்குது.”

பிறகு விசாரணை நடந்தது. கனடாவில் கூடப்பிறந்த சகோதரம் இருந்தால் உள்ளே விடுவார்களாம். மாமாவோ அம்மாவின் சின்னம்மாவுடைய மகன். தாயை இழந்து கைக்குழந்தையாக அந்த வீட்டுக்கு வந்து, அம்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவர். அவரைத் தம்பி என்பதைத் தவிர வேறெப்படியும் அம்மா சொன்னதில்லை. ஆனால் எல்லையிலிருந்த மொழிபெயர்ப்பாளர், கூடப்பிறந்த தம்பியா என்று கேட்டிருக்கிறார். மாமா, இல்லை, சின்னம்மாவின் மகன் என்று சொல்லியிருக்கிறார். உள்ளே விடவில்லை; அந்த வாசலில் ஒருமுறைதான் அடைக்கலம் கேட்கலாம்.

“ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னா உன்ர வாய் அவிஞ்சு போயிருக்குமோ?” என்று அம்மா ரெலிபோனில் கத்தினார்.

“சத்தியம் பண்ணச் சொன்னவங்கள் அக்கா. பொய் வரேல்லை.”

அதன்பின் அம்மா அவருடன் கதைக்கவில்லை. கட்டில் மடித்தபடியே கதவுக்குப் பின்னால் நின்றது. அவர் பிறகு வருவார் என்று எனக்குச் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

மாமா தெற்கே வேறொரு நகரத்துக்குப் போகப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் அம்மாவின் கோபம் உடைந்தது. எல்லையைத் தாண்ட அம்மாவிடமும் அப்பாவிடமும் பத்திரம் இல்லை. இங்கே பிறந்த என்னிடம் கனடாக் கடவுச்சீட்டு இருந்தது. அடுத்த கதவு அன்ரி அடிக்கடி பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர். அவருடன் நான் போவது என்றும், அம்மாவும் அப்பாவும் கனடாப் பக்கத்து ஆற்றங்கரைப் பூங்காவில் நிற்பது என்றும், மாமா பழைய நகர மண்டபத்தின் உச்சியில் ஏறி நின்று முகம் காட்டுவது என்றும் ஏற்பாடாயிற்று.

அம்மா ஒரு நீலச் சேட்டு வாங்கி என் பையில் வைத்தார். “கண்டவுடனை குடு. போட்டுக்கொண்டு ஏறச் சொல்லு. நீலம் தூரத்துக்குத் தெரியும்.”

மாமா மண்டப வாசலில் நின்றார். படத்தில் இருந்ததைவிடக் குள்ளம். யாரோ கொடுத்த மண்ணிறக் கோட்டு முழங்கால்வரை தொங்கியது.

“வா மருமகள். உன்ர ரொறொன்ரோவை இண்டைக்குத் தோற்கடிக்கிறன்.”

லிஃப்ட் ஏற்றிவிட்ட பிறகும் மேலே படிகள் இருந்தன. அன்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழ்ப்படியில் இருந்துவிட்டார். தன் கைத்தொலைபேசியை மாமாவிடம் நீட்டினார். “கெதியாக் கதையும் தம்பி. உந்த றோமிங் காசு என்ர உயிரை எடுத்துப்போடும்.”

உச்சியில் சுற்றிவர நடக்கலாம். நகரப் பக்கம் ஓடினேன். கண் வைத்த இடமெல்லாம் கட்டடங்கள். செம்மண் நிறத்தில் ஒன்று, இடைவெளியில்லாமல் பூவும் இலையும் செதுக்கியது. வெள்ளையாக ஒன்று, அடுக்கடுக்காக மேலே ஒடுங்கிப் போவது. எல்லாவற்றையும் விட உயரமாக ஒரு புதுக் கோபுரம், தெருவின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்றது; அதன் காலிடுக்கால் ரயில் போனது. தொலைவில் யன்னலே இல்லாத தானியக் கோபுரங்கள். மாமா சொன்ன இரண்டு சுதந்திரச் சிலைகளும் ஒரே கூரையில் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன.

“மாமா, ஏன் அவை ரெண்டு பேரும் ஆளையாள் பாக்கினமில்லை? கோவமோ?”

மாமா மறுபக்கத்தில் நின்றார்.

“மாமா, இஞ்சை வாங்கோ. ரயில் போகுது.”

“வாறன், வாறன்,” என்றார். வரவில்லை.

நானே சுற்றிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஏரி, ஆறு, பாலம். அப்பால் தாழ்ந்து நீண்ட ஒரு பச்சைக் கோடு.

“கனடாவிலை ஒண்டுமில்லை மாமா,” என்றேன். “மரமும் வீடும்தான்.”

அவர் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். “அக்கா, நான் உச்சியிலை நிக்கிறன். தெரியுதோ?”

அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. “ஓம் ராசா. வடிவாத் தெரியுது. நீலச் சேட்டு.”

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சேட்டு ஊசி கழற்றாமல் என் முதுகுப் பைக்குள் இருந்தது. வெளியே எடுத்து அவர் முன்னால் பிடித்தேன்.

“மாமா, அம்மா பொய் சொல்லுறா. இது இஞ்சை கிடக்கு.”

அவர் சேட்டைப் பார்த்தார். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“ஓம் அக்கா,” என்றார். “நீலச் சேட்டுத்தான். அளவும் சரி. உங்களையும் தெரியுது.”

அவ்வளவு தூரத்தில் ஒரு பேருந்துகூடத் தெரியாது. எல்லையில் ஒரு பொய் சொல்ல வராத மனிதர் ஒரே மூச்சில் மூன்று சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை.

அடுத்த வருடம் அமெரிக்கா அவரை ஊருக்கே திருப்பி அனுப்பியது. அதற்குப் பிறகு அந்தக் குரல் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான், படித்தது கட்டடக்கலை. ஒருநாள் விரிவுரையில் அந்த நகர மண்டபம் திரையில் வந்தபோது, மற்றவர்கள் முகப்பை வரைந்தார்கள். நான் உச்சியில் ஏரிப் பக்கம் எது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மாமாவைக் கண்ட அன்று பின்னேரம் அன்ரியும் நானும் பாலத்தைத் தாண்டிப் பூங்காவுக்கு வந்தோம். அம்மா கரையோரம் கண்ணுக்கு மேல் கையை வைத்தபடி இன்னும் நின்றார். சிவப்புச் சீலை. என்னைக் கண்டதும் ஆற்றுக்கு அப்பால் கையை நீட்டினார்.

“அந்தா, அதிலைதானே நிண்டவன். மெலிஞ்சு போனான், என்ன?”

அம்மா காட்டியது உயரமான புதுக் கோபுரத்தை. இவ்வளவு நேரமும் கை அசைத்தது அதற்குத்தான்.

“அது இல்லையம்மா,” என்று தொடங்கினேன். “பக்கத்திலை நிக்கிற பழ...”

அப்பாவின் கை என் தலையில் வந்து அழுத்தமாக இருந்தது. அவர் அந்தப் புதுக் கோபுரத்தைப் பார்த்தபடியே, “ஓம், நல்லா மெலிஞ்சுதான் போனான்,” என்றார்.

ரொறொன்ரோ வரும்வரை, எங்கள் வீட்டில் கட்டடம் பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.